லேபிளில் இல்லாத பெயர்கள்: ஒரு பழைய டிஜேயின் ஹவுஸ் இசைக் குறிப்புகள்

போன மாதம் பரணிலிருந்து ரெக்கார்டு பெட்டிகளை இறக்கினேன். வித்துடலாம்னுதான் எண்ணம். 1996-ல் லண்டனுக்குப் படிக்கப் போனவன், அங்கே வார இறுதிகளில் சின்னச் சின்ன பார்களில் ரெக்கார்டு போட ஆரம்பிச்சு, 2003 வரை அதை விடவில்லை. பெரிய டிஜே எல்லாம் இல்லை. நூறு பேர் நிற்கிற இடத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் போடுகிற ஆள். ஆனாலும் நாலு பெட்டி ரெக்கார்டு சேர்ந்துவிட்டது.

தூசி தட்டிக்கொண்டிருந்தபோது என் பெண் ஒரு ரெக்கார்டை எடுத்துக் காட்டினாள். நடுவில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

“ஏம்பா இதுல மட்டும் பேப்பர்?”

சொன்னேன். அந்தக் காலத்தில் அது ஒரு தொழில் தந்திரம். நாம் போடுகிற பாட்டு என்னவென்று பக்கத்தில் நிற்கிற இன்னொரு டிஜே எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதனால் லேபிளை மறைத்து ஒட்டிவிடுவோம். இங்கிலாந்தில் எனக்கு இருபது முப்பது வருஷம் முன்பே இந்தப் பழக்கம் உண்டு.

“அப்ப பாடினவரோட பேரு?”

“அதையும் சேர்த்துத்தான் மறைச்சேன்.”

“அவரு உனக்கு என்ன பண்ணாரு, பாவம்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உறைத்தது. ஈரத்துணி வைத்துக் காகிதத்தை மெதுவாக உரித்தேன். லேபிளும் பாதிக்கு மேல் கூடவே வந்துவிட்டது. இந்தக் குறிப்பு அதன் விளைவு. எனக்குப் பிடித்த ஹவுஸ் ரெக்கார்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அது அந்தப் பாட்டுகளை யார் செய்தார்கள் என்பதைப் பற்றிய கட்டுரையாகிவிட்டது.

முதலில், ஹவுஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977-ல் ‘வேர்ஹவுஸ்’ என்று ஒரு நடன விடுதி தொடங்கியது. பழைய தொழிற்கூடக் கட்டடம். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஒருபாலீர்ப்புள்ளவர்கள். மற்ற விடுதிகளில் வாசலிலேயே முறைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. அங்கே ரெக்கார்டு போட நியூயார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்டவர் ஃப்ராங்கி நக்கிள்ஸ். அவர் வாசித்த பாட்டுகளைக் கேட்டு ஜனங்கள் கடைகளுக்கு வந்தார்கள். ஒரு ரெக்கார்டுக் கடையில் ‘வேர்ஹவுஸில் ஒலித்தவை’ என்று அட்டை எழுதி வைத்தார்கள். நாளடைவில் அது சுருங்கி வெறும் ‘ஹவுஸ்’ ஆனது. ஆக, பெயர் ஒரு கட்டடத்தினுடையது.

அதே ஊரில் 1979 ஜூலை 12 அன்று நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளர் ‘டிஸ்கோ ஒழிப்பு இரவு’ நடத்தினார். டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவுச்சீட்டு. சேர்ந்த ரெக்கார்டுகளை மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்து ரகளையாகி, அன்றைய இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. அன்று மைதானத்தில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர்களில் ஒருவர் வின்ஸ் லாரன்ஸ். ஜனங்கள் கொண்டுவந்தது டிஸ்கோ மட்டுமில்லை, கறுப்பினப் பாடகர்களின் ரெக்கார்டுகள் எதுவானாலும் அந்தக் குவியலில் கிடந்தன என்று அவர் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே வின்ஸ் லாரன்ஸ்தான், 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற ரெக்கார்டை வெளியிட்டார். முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான்.

டிஸ்கோவுக்குப் பெரிய கம்பெனிகள் கதவை மூடியபோது, பெரிய இசைக்குழுவும் வயலின் வரிசையும் வைக்கக் காசு இல்லாத பையன்கள், இரண்டாங்கையாகக் கிடைத்த தாள இயந்திரத்தை வைத்து அதே உணர்வை வீட்டிலேயே செய்துகொண்டார்கள். ஹவுஸ் இசையின் பிறப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்.

கணக்கு: ஆதி தாளம் எனக்கு உதவியது

தொழில்நுட்பம் கொஞ்சம். ஹவுஸில் அடி எளிமையானது. நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. ஒவ்வோர் அடியிலும் பெரிய டிரம் ‘தும்’ என்று விழும். நாலு அடி சேர்ந்தால் ஒரு கட்டம். எட்டுக் கட்டம், அதாவது 32 அடி முடிந்ததும் பாட்டில் ஏதாவது ஒன்று மாறும்: ஒரு கைதட்டல் சேரும், பாஸ் நுழையும், குரல் வரும்.

சின்ன வயசில் பாட்டு வகுப்பில் தொடையில் தட்டிய பழக்கம் எனக்கு உண்டு. ஆதி தாளத்துக்கு ஒரு ஆவர்த்தனம் எட்டு அட்சரம். நாலு ஆவர்த்தனம் போட்டால் சரியாக 32. மற்ற பையன்கள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்க, நான் கால்சட்டையில் தட்டிக்கொண்டிருப்பேன். நாலாவது ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் விழும்போது அடுத்த ரெக்கார்டை விட்டால், இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

ஆனால் இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் இருக்காதே? அதற்குத்தான் டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 மார்க் 2. 1979-ல் வந்த இந்த டர்ன்டேபிளின் ஓரத்தில் ஒரு நழுவுவிசை இருக்கும். வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், 8 சதவீதம் குறைக்கலாம். ஒரு சிக்கல் என்னவென்றால், வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். சுமார் 6 சதவீதம் கூட்டினால் பாட்டு முழுசாக அரை ஸ்வரம் மேலே போய்விடும். கையால் தள்ளிச் சேர்க்கிற கலையில் பாதி, சுருதி கெடாத இரண்டு ரெக்கார்டுகளைத் தேர்ந்தெடுப்பதுதான்.

பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் ஒரு நிமிடம் ஓடுவதைக் கேட்டு “என்ன இது, ஒண்ணுமே இல்லியே” என்று நினைத்திருப்பீர்கள். அது டிஜேக்காக விட்ட இடம். ரயில் பெட்டிகளைக் கோக்கிற கொக்கி மாதிரி. பன்னிரண்டு அங்குல வட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பதற்கும் காரணம் உண்டு. கனமான பாஸ் ஒலிக்கு வரிப்பள்ளம் அகலமாக வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் சத்தத்தையும் தாராளமாகப் பதியலாம்.

இனி ரெக்கார்டுகள்.

மூவ் யுவர் பாடி (1986)

மார்ஷல் ஜெஃபர்சன் சிகாகோ தபால் நிலைய ஊழியர். பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் மனசுக்குள் ஒரு பியானோ ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தின் வேகத்தை மிக மிகக் குறைத்து வைத்துக்கொண்டு, விரல் எட்டுகிற வேகத்தில் வாசித்துப் பதிந்து, பிறகு வேகத்தை ஏற்றிவிட்டார். கேட்கிறவனுக்கு ஏதோ தேவாலயத்தில் ஊறி வளர்ந்த மேதை வாசிப்பது போலிருக்கும். பாடியவர் கர்டிஸ் மெக்லேன். அவரும் தபால் நிலையத்தில் கூட வேலை பார்த்தவர்தான்.

“பியானோ எல்லாம் வெச்சா அது ஹவுஸே இல்ல” என்று அப்போது சொன்னார்களாம். பிற்பாடு வந்த பியானோ ஹவுஸ் முழுக்க இதன் பிள்ளைகள். அரங்கு காலியாக இருக்கும்போது இதை நான் போட்டதே இல்லை. நாலு பேர் ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் நாற்பது பேர் ஆவார்கள்.

கேன் யூ ஃபீல் இட் (1986)

மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் லாரி ஹெர்ட் செய்தது. அவர் முதலில் டிரம் வாசித்தவர். ஒரு ரோலண்ட் ஜூனோ 60, ஒரு தாள இயந்திரம், ஒரு டேப். அவ்வளவுதான் சாமான். பாஸ் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மேலே மேகம் மாதிரி சுரங்கள் நகரும். தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. ஒன்று நிற்கிறது, அதன் மேல் மற்றது அசைகிறது.

இரவு முடிகிற நேரம், விளக்கு போடுவதற்கு முன்னால் இதைப் போடுவேன். ஆட்டம் நிற்காது, ஆனால் ஆடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

இந்தப் பாட்டு வெளிவந்த ட்ராக்ஸ் நிறுவனத்தின் மீது லாரி ஹெர்டும், அவரோடு பாடிய ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் வழக்குப் போட்டார்கள். தங்கள் பாட்டுகளுக்கு உரிய காசு வரவில்லை, உரிமையும் தங்களுடையது என்பது வாதம். 2022-ல் வழக்கு சமரசத்தில் முடிந்து, பதிவுகளின் உரிமை அவர்களிடம் திரும்பியது. பாட்டு வந்து 36 வருஷம் ஆகியிருந்தது. நான் அதைக் கண்ணை மூடி ரசித்த ராத்திரி எதிலும், இந்தக் காசு யாருக்குப் போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்ததில்லை.

ஆசிட் டிராக்ஸ் (1987)

ரோலண்ட் டிபி 303 என்று ஒரு சின்ன வெள்ளிப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்கிற கிட்டார்காரருக்குப் பக்கத்தில் பாஸ் வாசிக்க என்று ஜப்பானில் 1981-ல் தயாரித்தார்கள். பாஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. யாரும் வாங்கவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மலிவாகக் கிடந்த அந்தப் பெட்டி, சிகாகோவில் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று பேரிடம் வந்தது. எப்படி இயக்குவது என்று தெரியாமல், பாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார் பியர். தவளை கத்துவதும் தண்ணீர் கொதிப்பதும் கலந்த மாதிரி ஒரு சத்தம். இயந்திரத்தின் தோல்விதான் புது இசையானது.

அந்த டேப்பை ‘மியூசிக் பாக்ஸ்’ விடுதியின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒரே இரவில் நாலு முறை போட்டார் என்று பியர் சொல்லியிருக்கிறார். முதல் முறை கூட்டம் விலகிப் போனது. நாலாவது முறை பைத்தியம் பிடித்தது மாதிரி ஆடியது. பெயரில்லாத அந்த டேப்பை ஜனங்கள் ‘ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். செய்தவர் பெயர் போய், போட்டவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ரெக்கார்டாக வந்தபோதுதான் ‘ஃபியூச்சர்’ என்ற குழுப்பெயர் அச்சில் வந்தது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. மும்பை திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-லேயே அதே டிபி 303-ஐ வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். கேட்டால் ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கும். பியருக்கு ஐந்து வருஷம் முன்னால்! ஆனால் “ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியர்தான்” என்று மார்தட்டுவது சரியில்லை. அந்த ரெக்கார்டு விற்கவில்லை. சிகாகோ பையன்கள் அதைக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒரே கருவி இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு ஒரே கதவைத் திறந்திருக்கிறது. 2010-ல் ஒரு டச்சுக் கம்பெனி மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் அவரைத் தேடிப் போனது. 2015-ல் காலமானார். நல்லவேளை, அவர் உயிரோடிருக்கும்போதே அது நடந்தது.

ரைட் ஆன் டைம் (1989), ஜிப்ஸி வுமன் (1991)

முதலாவது, இத்தாலியக் குழுவான பிளாக் பாக்ஸ் செய்தது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். தொலைக்காட்சியில் ஒரு ஒல்லியான மாடல் அழகி வாயசைத்தார். குரல் அவருடையதில்லை. டேன் ஹார்ட்மன் எழுதி லொலீட்டா ஹாலோவே 1980-ல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் வெட்டி எடுத்த குரல். பாட்டின் தலைப்பே அந்தக் குரலைத் தப்பாகக் காதில் வாங்கியதால் வந்ததுதான்! ஹாலோவே வழக்கறிஞரைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பணம் வந்தது.

நம்மூரில் பின்னணிப் பாடகர் பெயர் படத்தின் டைட்டிலில் வரும், வானொலியில் சொல்வார்கள். வாயசைக்கிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்பது குழந்தைக்கும் தெரியும். ஏமாற்று இல்லை, ஏற்பாடு. அங்கே அந்த ஏற்பாடு இல்லை, மறைத்தார்கள். வித்தியாசம் அதுதான்.

இரண்டாவது, கிறிஸ்டல் வாட்டர்ஸ் எழுதிப் பாடியது. வாஷிங்டன் நகரத் தெருவில் நன்றாக உடுத்தி, முகத்துக்கு ஒப்பனை செய்துகொண்டு, பாடிக் காசு கேட்ட ஒரு பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வேலை போய் வீடில்லை. காசு கேட்கும்போதாவது கௌரவமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர். பாட்டு அவரைப் பற்றியது. வீடில்லாதவள் என்று தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஆனால் என் கூட்டம் கேட்டதெல்லாம் அர்த்தமில்லாத அந்தப் பல்லவி அசைகளைத்தான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? குறைந்தது ஐம்பது முறை போட்ட பிறகுதான் சொற்களைக் கவனித்தேன்.

கடைசியாக, காகிதம் ஒட்டிய ரெக்கார்டு

லேபிள் போனாலும் ஒரு வழி இருக்கிறது. கடைசி வரிப்பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அச்சுத் தகட்டை வெட்டுகிறவர் அதில் ஊசியால் ஒரு எண்ணைக் கீறி வைத்திருப்பார். எந்த ரெக்கார்டுக்கும் அதுதான் மச்சம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பெண் எழுத்து எழுத்தாக வாசிக்க, நான் தேடினேன். ‘யுவர் லவ்’. ட்ராக்ஸ், 1987.

சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். ஊசி தேய்ந்துபோய் இருந்ததால் போடவில்லை. அப்புறம் புது ஊசி வாங்கிப் போட்டோம். ஏறி இறங்கி ஓடுகிற அந்தச் சுரக்கோவையைக் கேட்டதும் பெண், “இது ஃப்ளோரன்ஸ் பாட்டு மாதிரி இருக்கே” என்றாள்.

காது பரவாயில்லை. ஃப்ளோரன்ஸ் அண்ட் த மெஷின் 2009-ல் பாடிய ‘யூவ் காட் த லவ்’ ஒரு மறுபாடல். முதலில் பாடியவர் கேண்டி ஸ்டேட்டன், 1986-ல். உடல் எடை குறைக்கப் போராடிய ஒருவரைப் பற்றிய படத்துக்காக! அந்தக் குரலைத் தனியே எடுத்து, ‘யுவர் லவ்’ இசையின் மேல் யாரோ வைத்துப் பார்த்தார்கள். ‘த சோர்ஸ்’ என்ற பெயரில் 1991-ல் அது பெரிய வெற்றியானது. ஒரு பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு, அதற்கு அடியில் இன்னொன்று.

சரி, அடியில் இருப்பது யாருடையது? என் லேபிளில் கிழியாமல் மிஞ்சியிருந்த துணுக்கில் நக்கிள்ஸ் பெயரின் பாதி இருந்தது. ஆனால் ‘யுவர் லவ்’வை எழுதியவரும் பாடியவரும் ஜேமி பிரின்சிபிள் என்ற இளைஞர். அவருடைய டேப்பை நக்கிள்ஸ் தன் விடுதியில் வாசித்து வாசித்துத்தான் ஊருக்கே அது பழக்கமானது. 1986-ல் ஒரு சின்ன வெளியீடு பிரின்சிபிள் பெயரிலேயே வந்தது. அடுத்த வருஷம் ட்ராக்ஸ் வெளியிட்டபோது மேலே வந்த பெயர் நக்கிள்ஸ். நக்கிள்ஸைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் பாட்டை வளர்த்தவர், ஒலியைச் செதுக்கியவர். 2014-ல் அவர் மறைந்தபோது உலகம் முழுக்க டிஜேக்கள் இந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். வேர்ஹவுஸ் இருந்த தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், தகும். ஆனால் அந்தக் கிசுகிசுக்கிற குரல் அவருடையதில்லை என்பது ஆடினவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதாவது, நான் காகிதம் ஒட்டாமலே இருந்திருந்தாலும் பாடியவரின் பெயர் என் கண்ணில் பட்டிருக்காது. இந்த நியாயத்தைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்காக நீயும் ஒட்டுவியா?” என்றாள்.

பதில் இல்லை. எனக்கு எதிரே யார் போட்டியாக நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் மறைத்தேன்! வியாழக்கிழமை ராத்திரி, நூறு பேர், அதில் பாதிப்பேர் பேச வந்தவர்கள்.

பெட்டிகளில் மூன்றை விற்றுவிட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். அதிலிருக்கிற ஒவ்வொரு உறையிலும் இப்போது பென்சிலால் எழுதிக்கொண்டு வருகிறோம்: எழுதியவர், பாடியவர், வாசித்தவர், வருஷம். பெண் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருப்பதால் அவள்தான் எழுதுகிறாள். ‘யுவர் லவ்’ உறையில் முதலில் ஜேமி பிரின்சிபிள், அதற்குக் கீழே ஃப்ராங்கி நக்கிள்ஸ். கிழிந்த லேபிளை அப்படியே விட்டுவிட்டோம்.